லால்குடியில் ரயிலேறிக் கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு

மாணவர்களுக்குப் பண ஆலோசனை என்று பத்திரிகைகளில் வருவதைப் படித்தால் எங்களுக்குச் சிரிப்புத்தான் வரும். அப்பா தரும் பாக்கெட் மணியில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமியுங்கள் என்பார்கள். வாரக் கடைசியில் வெளியே சாப்பிடுவதைக் குறையுங்கள் என்பார்கள். லால்குடி, பூவாளூர், புள்ளம்பாடி சுற்றியுள்ள காலனிகளிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் கையில் இருப்பது பாக்கெட் மணி அல்ல. அம்மா நடவு நட்ட கூலி, நூறு நாள் வேலைக் கூலி, மகளிர் குழுவில் வாரத் தவணைக்கு எடுத்த கடன். அந்தப் பணத்தைச் செலவழிக்கும்போது கை நடுங்கும். செலவழிக்காமல் இருந்தால் வகுப்பில் தனித்துத் தெரிவோம். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்று வருடம் ஓட்டுவது எப்படி என்று நமக்கு யாரும் எழுதித் தருவதில்லை. அதனால் நாங்கள் எழுதுகிறோம்.

நாங்கள் என்றால், எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் தலைமுறை. இப்போது முப்பதுகளில் இருக்கிறோம். சிலர் சமூகப் பணியில், சிலர் ஆசிரியர் வேலையில், சிலர் அரசு அலுவலகத்தில். ஒவ்வொரு ஜூன் மாதமும் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்க ஓடுகிறோம். ஜனவரியில் அவர்களில் சிலர் துணிக்கடையிலோ திருப்பூர் பனியன் கம்பெனியிலோ நிற்பதையும் பார்க்கிறோம். விசாரித்தால் காரணம் பெரிய தொகையாக இருப்பதில்லை. தேர்வுக் கட்டணம் கட்ட முடியவில்லை. ரெக்கார்டு நோட்டு வாங்கவில்லை என்று வெளியே நிறுத்தினார்கள், அதோடு போகவில்லை. ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு பட்டம் போகிறது. ஆகவே இது சிக்கனத்தைப் பற்றிய கட்டுரை அல்ல. கல்லூரியில் கடைசி வரை இருப்பதைப் பற்றியது.

முதலில் நமக்குச் சேர வேண்டிய பணத்தைப் பார்ப்போம்.

ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இன்று நேற்று வந்ததல்ல. 1944-லிருந்து நடக்கிறது. அது சலுகையல்ல, கேட்டுப் பெற்ற உரிமை. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவின்படி செலவில் 60 விழுக்காடு மத்திய அரசுடையது, 40 விழுக்காடு மாநில அரசுடையது. கல்விக் கட்டணம் தவிர, கைச்செலவுக்கென்று ஆண்டுக்கு ஒரு தொகை உண்டு. பி.ஏ., பி.எஸ்சி. போன்ற சாதாரணப் பட்டப்படிப்பில் வீட்டிலிருந்து வந்து போகிறவர்களுக்கு 3,000 ரூபாய், விடுதியில் இருப்பவர்களுக்கு 6,000. பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7,000, விடுதியில் இருந்தால் 13,500. பி.ஏ. படிக்கும் பிள்ளைக்கு 3,000 என்றால் மாதம் 250 ரூபாய். அதை நம்பி மாதத்தை ஓட்ட முடியாது என்பது கணக்கிலேயே தெரிகிறது. ஆனால் அது உங்கள் 250 ரூபாய். விட்டுவிடக் கூடாது.

அடுத்தது 2012-இல் தமிழக அரசு போட்ட அரசாணை 92. அரசுக் கல்லூரி, உதவி பெறும் கல்லூரி, சுயநிதிக் கல்லூரி எதுவானாலும், தகுதியுள்ள ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கும் கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களுக்கும் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. நம் பகுதியில் கிறித்தவக் குடும்பங்கள் நிறைய. சாதிச் சான்றில் பி.சி. என்றிருப்பதால் தங்களுக்கு எதுவும் கிடையாது என்று நினைத்து முழுக் கட்டணம் கட்டியவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். கேட்டுப் பாருங்கள். அதேபோல, நிர்வாக ஒதுக்கீட்டில் சேருமுன் நூறு தடவை யோசியுங்கள். அந்த இடங்களுக்கு இந்த உதவித்தொகை வராது. சேரும்போது 'எல்லாம் ஸ்காலர்ஷிப்பில் கழித்துக்கொள்ளலாம்' என்று வாயால் சொல்வதை நம்பாமல் எழுதிக் கேளுங்கள்.

மூன்றாவது, மாதம் ஆயிரம் ரூபாய். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம்.

இந்தப் பணமெல்லாம் கைக்கு வருவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆதார் வழியாகத்தான் வங்கிக்கு வரும். உங்களுக்கு மூன்று கணக்கு இருந்தால், கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்து மானியம் பெற ஒப்புதல் கொடுத்தீர்களோ அங்கேதான் போய் விழும். பள்ளியில் திறந்து பாஸ்புக் தொலைந்துபோன பழைய கணக்கில் பணம் தூங்கிக்கொண்டிருக்கும், நீங்கள் கல்லூரி அலுவலகத்தில் சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள். வங்கிக்குப் போய் 'என் ஆதார் எந்த வங்கியில் மேப் ஆகியிருக்கிறது' என்று கேளுங்கள். அஞ்சலகத்திலும் கணக்கு திறந்து இணைத்துக்கொள்ளலாம். வருமானச் சான்று ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். கல்லூரி திறந்த பிறகு ஓடாமல், மே மாதமே இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்துவிடுங்கள். சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் ஐந்து நகல் எடுத்து ஒரு பையில் போட்டு வையுங்கள்.

இன்னொன்று. மத்திய அரசின் பங்கு நேராக மாணவர் கணக்குக்கே வருகிறது. திடீரென்று ஒரு பெரிய தொகை வந்தால் அது முழுக்க உங்கள் செலவுக்கு என்று நினைக்காதீர்கள். கல்லூரிக்குக் கட்ட வேண்டிய கட்டணமும் அதில் சேர்ந்திருக்கலாம். விவரம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தொட வேண்டும். அந்தப் பணத்தில் செல்போன் வாங்கிவிட்டு டி.சி. வாங்க முடியாமல் நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உதவித்தொகை தாமதமாக வரும். இதைப் பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அது தாமதமாகத்தான் வரும் என்று வைத்துத் திட்டமிடுங்கள் என்று சொல்வோம். எங்கள் காலத்தில் மூன்றாம் ஆண்டுத் தொகை படிப்பு முடிந்த பிறகு வந்தது. வந்தபோது அதில் பாதி பழைய கடனுக்குப் போனது.

தாமதம் என்பது வெறும் நிர்வாகக் குறை அல்ல. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவுக்கு ஏழு மாத ஆய்வு உதவித்தொகை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. 2016 ஜனவரி 17 அன்று அவர் விட்டுச்சென்ற கடிதத்தில் தனக்கு வர வேண்டிய 1,75,000 ரூபாயைக் குடும்பத்துக்குக் கொடுக்கும்படியும், அதில் நண்பருக்குத் தர வேண்டிய ஏறத்தாழ 40,000 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கும்படியும் எழுதியிருந்தார். விண்மீன்களைப் பற்றி எழுத விரும்பிய ஒருவர் கடைசியாகக் கடன் கணக்கும் எழுத வேண்டியிருந்தது. அவர் மீதான நடவடிக்கையின் அரசியலை நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அந்தக் கணக்கையும் பேச வேண்டும். ஒரு தலித் மாணவனின் பணத்தை நிறுத்துவது அவனைத் தனிமைப்படுத்தும் வழிகளில் ஒன்று.

எனவே தொகை வராவிட்டால் தனியாகப் போய் ஜன்னல் முன் நிற்காதீர்கள். அதே ஆண்டில் வராதவர்கள் பெயரையெல்லாம் எழுதுங்கள். பத்துப் பேர் கையெழுத்திட்ட மனுவாகக் கொடுங்கள், நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு, அதற்கும் இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளுக்கு. போராட்டம் என்பது மைக்கில் பேசுவது மட்டுமல்ல. ரசீது வாங்கி வைப்பதும் போராட்டம்தான்.

இப்போது போக்குவரத்து. லால்குடியிலிருந்து வாளாடி, உத்தமர்கோயில், கொள்ளிடம் பாலம், ஸ்ரீரங்கம், திருச்சி டவுன் என்று போகும் பாசஞ்சர் ரயில்தான் நம் பகுதிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தது என்று நாங்கள் பாதி விளையாட்டாகச் சொல்வோம். ரயில்வே சீசன் டிக்கெட்டில் மாணவர்களுக்குச் சலுகை உண்டு. பொதுப் பிரிவு மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 75 விழுக்காடு தள்ளுபடி. பட்டப்படிப்பு வரை படிக்கும் பெண்களுக்கு வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு சீசன் இலவசம். இதற்குக் கல்லூரியில் படிவம் வாங்கி முதல்வரின் கையெழுத்தோடு ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும். கேட்டால்தான் கொடுப்பார்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணமில்லை. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் இருக்கிறது.

தங்கிப் படிக்க வேண்டும் என்றால் முதலில் ஆதிதிராவிடர் நலக் கல்லூரி விடுதியைத்தான் கேளுங்கள். இப்போது இவற்றுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். திருச்சியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் உண்டு. அங்கே சாப்பாட்டுக்கு ஒரு கல்லூரி மாணவருக்கு அரசு ஒதுக்குவது மாதம் 1,500 ரூபாய், 2023-இல்தான் 1,100-லிருந்து உயர்த்தினார்கள். நாளைக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கு. அந்தச் சாப்பாடு எப்படியிருக்கும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. விடுதியில் சேருங்கள், சேர்ந்து அந்த 50 ரூபாயைக் கேள்வி கேளுங்கள். வெளியே அறை தேடினால் வாடகைக்கு முன்னால் வேறு கேள்வி வரும். 'நீங்க என்ன ஆளுங்க', 'கவிச்சி சமைப்பீங்களா'. ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் பக்கம் அலைந்தவர்களுக்கு இது தெரியும். பொய் சொல்லி ஒரு வீட்டுக்குள் போனால் தினம் அந்தப் பொய்யைக் காப்பாற்ற வேண்டும். அது வாடகையைவிட அதிகச் செலவு. நான்கைந்து பேர் சேர்ந்து, கேள்வி கேட்காத வீட்டில் எடுங்கள். கொஞ்சம் தூரமாக இருந்தாலும் பரவாயில்லை.

மாதக் கணக்குக்கு ஓர் உதாரணம் சொல்கிறோம். லால்குடியிலிருந்து வந்து போகும் பி.ஏ. மாணவி. புதுமைப் பெண் 1,000, அம்மா வாரம் தரும் 200 சேர்ந்து மாதம் 800, மொத்தம் 1,800. போக்குவரத்து இலவசம். மதியச் சோறு வீட்டிலிருந்து. டீ, வடை, எப்போதாவது வெளிச் சாப்பாடு 600. செல்போன் ரீசார்ஜ் 300. ஜெராக்ஸ், நோட்டு, ரெக்கார்டு 300. தேர்வுக் கட்டணத்துக்கு 300. மிச்சம் 300 அவளுடைய சந்தோஷத்துக்கும் அவசரத்துக்கும். தேர்வுக்கான 300-ஐ ஆயிரம் வந்த அன்றே தனியாக எடுத்து வைத்தால் ஆறு மாதத்தில் 1,800 சேர்ந்துவிடும், கட்டணம் கேட்கும் அன்று வட்டிக்கு ஓட வேண்டாம். ரீசார்ஜ் 28 நாளுக்குத்தான் என்பதால் வருடத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று முறை போட வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கட்டணம் அல்லாத செலவுகள்தான் நம்மை அடிப்பவை. பிறந்தநாள் ட்ரீட், டிபார்ட்மென்ட் டூர், கல்ச்சுரல்ஸுக்கு ஒரே நிறச் சேலை, ஃபேர்வெல் கலெக்‌ஷன். இதையெல்லாம் ஏற்பாடு செய்கிறவர்களுக்கு 500 ரூபாய் ஒரு தொகையே அல்ல. 'முடியாது' என்று சொன்னால் சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் நாம் கடன் வாங்கிக் கொடுக்கிறோம். எங்களுக்குப் பலித்த ஒரு வழி உண்டு. காரணம் சொல்லாமல் சொல்வது. 'இந்தத் தடவை நான் வரலை' என்று மட்டும். உடம்பு சரியில்லை, ஊரில் விசேஷம் என்று கதை கட்டினால் அடுத்த முறை வேறு கதை வேண்டும். கூட இரண்டு பேர் வரவில்லை என்று சொன்னால் வெட்கம் மூன்றாகப் பிரிந்துவிடும். பணமில்லாதது நம் தவறல்ல. கூலி குறைவாகக் கொடுத்தவன் வெட்கப்படட்டும்.

சில கதவுகளைத் திறக்கவே கூடாது. செல்போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகள் உங்கள் தொடர்பு எண்களை எடுத்துக்கொண்டு ஊருக்கே போன் செய்து அவமானப்படுத்தும். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டே தடை செய்தது. தடைக்குப் பிறகும் வேறு பெயரில் லிங்க் அனுப்புவார்கள். 'உன் வங்கிக் கணக்கை ஒரு மாதம் கொடு, ஐயாயிரம் தருகிறேன்' என்று ஓர் அண்ணன் வருவார். அது மோசடிப் பணத்தைச் சுற்றிவிடும் வேலை. போலீஸ் முதலில் வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்கு. காலனிப் பையன் என்றால் எப்படி நடத்துவார்கள் என்று உங்களுக்கே தெரியும். பணம் ஏமாந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

பகுதி நேர வேலைக்குப் போகலாமா? நாங்கள் போனோம். முகூர்த்த நாளில் மண்டபத்தில் பரிமாறினோம், தீபாவளிக்குத் துணிக்கடையில் நின்றோம். விடுமுறையில் செய்யுங்கள், சம்பளத்தை முன்பே பேசிக்கொள்ளுங்கள். வகுப்பு நாளில் தொடர்ந்து போனால் 75 விழுக்காடு வருகை போய்விடும். அப்புறம் தேர்வு எழுத முடியாது. ஒரு நாள் கூலிக்கு ஒரு செமஸ்டரை விற்கக் கூடாது.

இயக்கத்தில் இருக்கும் தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. ஏப்ரல் 14-க்கு ஃப்ளெக்ஸ் அடிக்க வசூல் வரும், மாநாட்டுக்கு வேன் வாடகை வரும். உங்கள் தேர்வுக் கட்டணப் பணத்தைத் தொடாதீர்கள். கேட்பது எவ்வளவு பெரிய தலைவரானாலும் சரி. மாணவனிடம் வாங்கும் கட்சி, மாணவனுக்குக் கட்டணம் கட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். அந்த ஃப்ளெக்ஸ் ஒரு வாரத்தில் கிழிந்துவிடும். அதே பணத்தில் தெருவில் ஒரு தங்கைக்கு ரெக்கார்டு நோட்டு வாங்கிக் கொடுத்தால் அதுவும் ஜெயந்தி விழாதான்.

பாபாசாகேப் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனபோது பரோடா சமஸ்தானம் தந்தது மாதம் பதினொன்றரை பவுண்டு. அதில் வீட்டுக்கும் அனுப்பினார். நியூயார்க்கில் பழைய புத்தகக் கடைகளில் ஏறத்தாழ இரண்டாயிரம் புத்தகங்கள் வாங்கினார் என்று தனஞ்சய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. இதைச் சொல்லி உங்களைப் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. அவர் பட்டினி கிடக்க நேர்ந்தது அந்தக் காலத்தின் அநியாயம், நாம் பின்பற்ற வேண்டிய விரதம் அல்ல. நாங்கள் எடுத்துக்கொள்வது வேறு. குறைந்த பணத்திலும் தனக்குப் பிடித்த ஒன்றுக்கு, புத்தகத்துக்கு, அவர் தாராளமாகச் செலவழித்தார்.

உங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். அதனால்தான் மேலே கணக்கில் 300 ரூபாய் வைத்தோம். ஓய்வு என்றாலே நம் வீடுகளில் குற்றமாகப் பார்ப்பார்கள். அம்மா வெயிலில் நிற்க நான் சினிமா பார்ப்பதா என்று மனசு குத்தும். அம்மா வெயிலில் நிற்பது நீங்களும் வாடிப்போவதற்காக அல்ல. மாதம் ஒரு படம் பாருங்கள். கிரிக்கெட் ஆடுங்கள். முக்கொம்புக்கும் கல்லணைக்கும் போய் உட்காருங்கள். ஆற்றைப் பார்த்து வெறுமனே இருப்பதற்கு ஊர்க்காரர்கள் பிள்ளைகளுக்கு மட்டும் உரிமை எழுதிக் கொடுக்கவில்லை. திருச்சியில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. சொற்பத் தொகைக்கு உறுப்பினராகலாம், மின்விசிறிக்குக் கீழே நாள் முழுக்க உட்காரலாம், எழுந்து போ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அம்பேத்கரின் நூல் தொகுதிகளை அங்கே தேடிப் படியுங்கள். நாவலும் படியுங்கள், எப்போதும் அரசியல்தான் படிக்க வேண்டும் என்றில்லை.

எல்லாம் செய்தும் ஒரு நாள் 'விட்டுவிடலாம்' என்று தோன்றும். பணமில்லாததால் மட்டுமல்ல, யாரோ சொன்ன ஒரு சொல்லாலும் தோன்றும். அன்று முடிவு எடுக்காதீர்கள். யாரிடமாவது பேசுங்கள். உங்கள் தெருவில் உங்களுக்கு முன் படித்த ஓர் அக்காவோ அண்ணனோ இருப்பார். மனம் மிகவும் தாங்காத நேரத்தில் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

கடைசியாக ஒரு வேலை. இன்றே ஒரு பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் உங்களுக்கு வர வேண்டிய தொகைகளை எழுதுங்கள். கொடுக்க வேண்டியதை அடுத்த பக்கத்தில். நம் தாத்தாக்களின் கணக்கைப் பண்ணையார் எழுதினார், அதனால்தான் அந்தக் கடன் தீரவே இல்லை. உங்கள் கணக்கை நீங்கள் எழுதுங்கள். எழுதத் தெரிந்த பிறகு, அடுத்த ஜூனில் சேரும் ஒரு பிள்ளைக்கு உட்கார்ந்து கற்றுக்கொடுங்கள்.